குறள் கோப்பை வைத்து லினக்ஸ் கட்டளைகள்: ஆய்வு மாணவர்களுக்கு ஒரு தொடக்கம்

லினக்ஸ் கட்டளைகளைக் கற்கலாம் என்று முடிவு செய்தவுடன் பலரும் முதலில் செய்வது, நூறு கட்டளைகள் கொண்ட ஒரு பட்டியலை இறக்கிவைத்து மனப்பாடம் பண்ண உட்காருவதுதான். வேண்டாம். ஆய்வு வேலைக்கு ஒரு பதினைந்து கட்டளை போதும், அவற்றை இணைக்க இரண்டு மூன்று குறிகள் தெரிந்தால் போதும், மீதியைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியல்கள் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. டெர்மினல், அதாவது கட்டளைகளைத் தட்டுகிற ஜன்னல், நீங்கள் கேட்டதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது, இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதைச் சொல்லாமல் ஓர் எண்ணை மட்டும் தந்துவிட்டு நிற்கும். அந்த எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்துகொள்வதுதான் உண்மையான பாடம் என்பது என் கட்சி.

எக்செல் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி வரும், நியாயமானதுதான். மரபணு ஆய்வாளர்கள் வெகுநாள் எக்செலை நம்பியிருந்தார்கள். அதில் செப்ட்2 என்ற மரபணுவின் பெயரை உள்ளிட்டால் அது செப்டம்பர் 2 என்ற தேதியாக மாறிவிடும், மார்ச்1 என்றால் மார்ச் 1. எக்செல் பட்டியல்களை இணைத்து வெளியான மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது, மென்பொருளைத் திருத்துவதைவிட அது சுலபமாக இருந்திருக்கிறது! அதே 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் தினசரிக் கணக்கில் ஏறாமல் விடுபட்டது. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது என்பதுதான் காரணம். டெர்மினலிலும் தவறுகள் நடக்கும். ஆனால் நீங்கள் தட்டிய கட்டளை எழுத்தில் அப்படியே இருக்கும், ஆறு மாதம் கழித்து யாராவது இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் காட்டலாம். மவுஸால் எங்கே கிளிக் செய்தோம் என்பதை யார் காட்ட முடியும்?

எங்கே திறப்பது? உபுண்டு போன்ற லினக்ஸ் என்றால் டெர்மினல் அதிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10, 11-இல் டபிள்யூஎஸ்எல் என்ற வசதியை நிறுவிக்கொண்டால் உள்ளேயே ஒரு லினக்ஸ் ஓடும். மேக்கிலும் டெர்மினல் உண்டு, அடிப்படைக் கட்டளைகள் அதே பெயர்தான், சில விருப்பக்குறிகள் (கட்டளையோடு சேர்க்கும் -சி போன்றவை) மட்டும் மாறும். ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள் (எம்கேடிர் என்றால் mkdir, சிஎச்மாட் chmod, கிரெப் grep, செட் sed, டீமக்ஸ் tmux). கோப்புப் பெயர்கள் தமிழில் இருப்பது மட்டும் நிஜமாகவே அப்படித்தான், லினக்ஸில் தமிழில் பெயர் வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

எடுத்துக்காட்டுக்குத் திருக்குறளை எடுத்துக்கொள்வோம். பக்தி ஒன்றும் காரணமில்லை. அதன் எண்கள் நமக்கு முன்பே தெரியும் என்பதுதான் காரணம். 133 அதிகாரம், 1330 குறள், ஒவ்வொன்றும் இரண்டு அடி, நான்கும் மூன்றுமாக ஏழு சீர். தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் யூனிகோடில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் ஆய்வு கல்வெட்டோ, மழைக்கணக்கோ, டிஎன்ஏவோ எதுவாகவும் இருக்கட்டும், விடை தெரிந்த ஒரு தரவில் பழகிவிட்டுப் போங்கள்.

டெர்மினலைத் திறந்தால் $ குறியோடு ஒரு வரி காத்திருக்கும். முதலில் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க பிடபிள்யூடி. அந்த இடத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க எல்எஸ். வேறு ஃபோல்டருக்குப் போக சிடி, அதோடு போகவேண்டிய பெயர். ஒரு படி மேலே வர, சிடி போட்டு இரண்டு புள்ளி. எங்கேயோ தொலைந்துவிட்டால் வெறும் சிடி என்று தட்டி எண்டர் அடியுங்கள், வீட்டு ஃபோல்டருக்கு வந்துவிடுவீர்கள். புது ஃபோல்டர் உருவாக்க எம்கேடிர். பெயர்களை முழுதாகத் தட்டவேண்டியதில்லை, முதல் இரண்டெழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பும். இதைப் பழகாதவர்கள்தான் டெர்மினல் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள். மேல்நோக்கிய அம்புக்குறி முன்பு தட்டிய கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும்.

இப்போது மூலம், வேலை, முடிவு என்று மூன்று ஃபோல்டர்கள். இறக்கிய கோப்பு மூலத்தில் போகும், அதற்குப் பிறகு அதை யாரும் தொடக்கூடாது, நீங்கள் உட்பட. அதற்கு ஒரு பூட்டு இருக்கிறது:

சிஎச்மாட் 444 மூலம்/குறள்

இதற்குப் பிறகு அந்தக் கோப்பைப் படிக்கலாம், நகலெடுக்கலாம், அதன்மேல் எழுதப்போனால் மறுத்துவிடும். ஆர்எம் கட்டளையால் அழிக்கப்போனாலும் ஒரு கேள்வி கேட்கும். பூட்டாத கோப்பு என்றால் ஆர்எம் எதுவும் கேட்காது, குப்பைத்தொட்டியில் போட்டு வைக்கவும் செய்யாது, போனது போனதுதான். பெயருக்கு நடுவே இடைவெளி விடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். "பழைய குறள்" என்ற கோப்பை மேற்கோள்குறி இல்லாமல் ஆர்எம்முக்குக் கொடுத்தால் அது பழைய என்று ஒன்று, குறள் என்று ஒன்று, ஆக இரண்டு கோப்புகளை அழிக்கக் கிளம்பும்.

கோப்புக்குள் எட்டிப் பார்க்க லெஸ். பக்கம் பக்கமாக நகரலாம், வெளியேற கியூ விசை (முதல்முறை உள்ளே போய்விட்டு வெளியே வரத் தெரியாமல் ஜன்னலையே மூடுகிறவர்கள் ஏராளம்). முதல் பத்து வரி மட்டும் போதுமென்றால் ஹெட், கடைசிப் பத்துக்கு டெயில். பார்த்தீர்களானால் இறக்கிய கோப்பில் முன்னுரை, அதிகாரத் தலைப்பு, குறள் எண், வெற்று வரி எல்லாம் கலந்து கிடக்கும். சிபி கட்டளையால் வேலை ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்து, நகலின் பூட்டை மட்டும் சிஎச்மாட் 644 போட்டுத் திறந்து, அதிலிருந்து முன்னுரையை நீக்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இனி எண்ணலாம்.

டபிள்யூசி குறள்

மூன்று எண்கள் வரும்: வரிகள், சொற்கள், பைட்டுகள். வேறெதுவும் இல்லாமல் குறள் மட்டுமே, சீருக்குச் சீர் இடைவெளியோடு, இருந்தால் முதல் எண் 2660, இரண்டாவது 9310. வேறு எண் வந்தால் சந்தோஷப்படுங்கள், அதுதான் உங்களுக்குத் தகவல். வரிகள் 2793 என்று வந்தால் 133 கூடுதல், அதிகாரத் தலைப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று உடனே தெரிகிறது. எண் உள்ள வரிகளை நீக்கலாமே என்று

கிரெப் -வி '[0-9]' குறள்

போட்டுப் பார்த்தீர்கள் என்றால், குறள் எண் இரண்டாம் அடியின் கடைசியில் போட்டிருக்கிற பதிப்பில், எல்லா இரண்டாம் அடிகளும் காணாமல் போய் 1330 வரி மட்டும் மிஞ்சும். கட்டளையில் பிழை இல்லை, எண் இருக்கிற வரியை நீக்கச் சொன்னோம், நீக்கியது. வரியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அழிக்கவேண்டுமென்றால் அதற்கு வேறு கட்டளை, டிஆர் -டி. ஒவ்வொரு படிக்குப் பிறகும் டபிள்யூசி போட்டுப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இதெல்லாம் அரை நிமிடத்தில் பிடிபடும். வெற்று வரியை நீக்கச் சொல்லியும் நீங்கவில்லையா, கோப்பு விண்டோஸிலிருந்து வந்திருக்கும். அங்கே ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கும், லினக்ஸின் பார்வையில் அந்த வரி வெறுமையானதல்ல. ஃபைல் என்ற கட்டளையிடம் கோப்பைக் காட்டினால் இது எந்த வகை என்று சொல்லிவிடும்.

டபிள்யூசி தந்த மூன்றாவது எண் தமிழர்களுக்குக் கொஞ்சம் முக்கியமானது. இதைத் தட்டிப் பாருங்கள்:

எக்கோ தமிழ் | டபிள்யூசி -சி

விடை 16. மூன்று எழுத்துக்குப் பதினாறா? யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. 'தமிழ்' என்பது கணினிக்கு மூன்று எழுத்தில்லை, த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஆக 15 பைட்டு. வரிமுடிவுக் குறிக்கு ஒன்று. -சிக்குப் பதிலாக -எம் போட்டால் பைட்டை விட்டுவிட்டுக் குறிகளை எண்ணும், அப்போது 6 வரும். நாம் எண்ணுகிற 3 என்ற விடை டபிள்யூசியிடம் கிடைக்கவே கிடைக்காது. சொல்லின் சராசரி நீளம், எழுத்துகளின் எண்ணிக்கை என்றெல்லாம் அளக்கிற மொழியியல் மாணவர்கள் இந்த இடத்தில் நிதானமாக இருக்கவேண்டும், கருவிகள் பலவும் குறியைத்தான் எழுத்து என்று சொல்லிக்கொண்டு எண்ணுகின்றன.

தேடுவதிலும் இதே கதைதான். தேடும் கட்டளை கிரெப். கோப்பில் எந்த வரியில் நீங்கள் கேட்டது இருக்கிறதோ அந்த வரியைக் காட்டும், -சி சேர்த்தால் எத்தனை வரி என்று எண்ணும். 350-ஆம் குறள் இதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது:

பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப்
பற்றுக பற்று விடற்கு

இந்த இரண்டு அடியை மட்டும் ஒரு கோப்பில் போட்டு கிரெப் -சி பற்று என்று கேட்டால் விடை 2. ஏனென்றால் அது எண்ணியது வரிகளை, வரிக்குள் எத்தனை தடவை வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. -ஓ என்ற குறியைப் போட்டால் கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் தனித்தனி வரியில் துப்பும், அதை டபிள்யூசி -எல் கொண்டு எண்ணினால் 3: இரண்டு 'பற்றுக', ஒரு 'பற்று'. இப்போது கடைசி உகரத்தை விட்டுவிட்டு 'பற்ற' என்று தேடுங்கள். 6 வரும். பற்றற்றான் வருவது சரி, பற்றினை எப்படி வந்தது? றி என்பது கணினிக்கு ற, அதன்பின் ஒரு கொக்கி. ஆகவே 'பற்ற' என்பது பற்றினையின் முதல் துண்டாகிவிடுகிறது, பற்றுகவின் துண்டும் அதுதான். ஒரே குறள், ஒரே சொல்லைத் தேடுகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம், 2, 3, 6 என்று மூன்று விடை, மூன்றும் சரி! கட்டுரையில் "இச்சொல் இத்தனை இடங்களில் வருகிறது" என்று எழுதும்போது எதை எண்ணினீர்கள் என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

இன்னொரு வேடிக்கை, கிரெப் சுழியம் என்று சொல்லும், ஆனால் சொல் கண்ணெதிரே இருக்கும். கொ, கோ போன்ற எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் போடலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கிரெப்புக்கு வேறு வேறு. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது அடிக்கடி வரும். அதனால் சுழியம் வந்தால் 'இல்லை' என்று உடனே எழுதிவிடாமல், கோப்பிலிருந்தே அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடிப் பாருங்கள்.

மேலே நெட்டுக்கோடு ஒன்று வந்ததே, | என்று, அதற்கு வருவோம். பைப், தமிழில் குழாய். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் மிகப் பெரிய யோசனை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மெக்கில்ராய் 1964-இலேயே, தோட்டத்துக் குழாய்களைத் திருகி இணைப்பதுபோல நிரல்களை இணைக்க வழிவேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். யூனிக்ஸ் பிறந்ததே 1969-இல்தான். 1973-இல் கென் தாம்சன் அதைச் செய்து கொடுத்தார். ஒரு கட்டளையின் வெளியீடு அடுத்த கட்டளையின் உள்ளீடாகப் போகும், அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டளையும் ஒரே ஒரு சின்ன வேலையை மட்டும் செய்தால் போதும், பெரிய வேலையை நீங்கள் இணைத்து உருவாக்கிக்கொள்கிறீர்கள். குறளில் அதிகம் வருகிற இருபது சொற்கள் எவை? இதோ:

டிஆர் -எஸ் ' ' '\என்' < குறள் | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -என்ஆர் | ஹெட் -20

இடமிருந்து வலமாகப் படியுங்கள். < குறி குறள் கோப்பை டிஆருக்கு ஊட்டுகிறது. டிஆர் ஒவ்வொரு இடைவெளியையும் வரிமுடிவாக மாற்றுகிறது, -எஸ் இருப்பதால் அடுத்தடுத்து இடைவெளி வந்தாலும் ஒன்றாகவே கொள்ளும், இப்போது வரிக்கு ஒரு சொல். சார்ட் வரிசைப்படுத்துகிறது. யூனிக் -சி ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக்கி எத்தனை என்று முன்னால் எழுதுகிறது. அடுத்த சார்ட் எண்ணின்படி, பெரியதிலிருந்து சிறியதாக. ஹெட் முதல் இருபதைக் காட்டுகிறது. யூனிக் என்பதை எழுதும்போது கடைசியில் கியூ என்ற ஓரெழுத்தோடு நின்றுவிட வேண்டும். முக்கியமானது, யூனிக்குக்குப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வரிகளை மட்டும்தான் ஒப்பிடத் தெரியும். முன்னால் இருக்கிற சார்ட்டை விட்டுவிட்டால் பிழை என்று எதுவும் வராது, தவறான எண்கள்தான் வரும். புரியாவிட்டால் முழுவதையும் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், முதல் கட்டளையை மட்டும் ஓட்டி ஹெட்டில் பாருங்கள், அப்புறம் அடுத்ததைச் சேருங்கள். வேலை தெரிந்தவர்களும் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

இந்த வரியின் மூதாதை 1986-இல் அச்சில் வந்தது. ஒரு கோப்பில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் நிரலைக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத் பல பக்கங்களுக்கு எழுதியிருந்தார். அதை மதிப்புரை செய்த மெக்கில்ராய், நிரலைப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு கட்டளை கொண்ட ஒரு குழாய்த்தொடரில் செய்து காட்டினார். அது இப்போதும் புகழ்பெற்றது, வலையில் பலரும் அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் அதைத் தமிழ்க் கோப்பின் மேல் ஓட்டிப் பாருங்கள், சொல் எதுவும் கிடைக்காது. அதன் முதல் கட்டளை, ஆங்கில எழுத்து தவிர மற்ற எல்லாவற்றையும் வரிமுடிவாக மாற்று என்கிறது, நம் கோப்பில் ஆங்கில எழுத்தே கிடையாது. அதைத் தமிழ் எழுத்துகளுக்கு மாற்றி எழுதலாம் என்று கிளம்பினாலும் சிக்கல், லினக்ஸில் வழக்கமாக இருக்கும் டிஆர் பைட்டு பைட்டாகத்தான் வேலை செய்கிறது, மூன்று பைட்டுக் குறியைத் துண்டு துண்டாக்கிவிடும். இடைவெளி, முற்றுப்புள்ளி, எண்கள் போன்ற ஒற்றைப் பைட்டுக் குறிகளுக்கு மட்டும் டிஆரை வைத்துக்கொள்ளுங்கள், தமிழ் எழுத்தையே மாற்றவேண்டுமென்றால் செட் என்ற கட்டளை இருக்கிறது, அதை அடுத்துக் கற்றுக்கொள்ளலாம். வரிசைப்படுத்தலிலும் ஒரு சின்ன விஷயம்: கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து சார்ட்டின் வரிசை மாறும். யூனிகோடு எண்ணின்படி வரிசைப்படுத்தினால் ன அகராதியில்போலக் கடைசியில் வராது, ந முடிந்ததும் வந்துவிடும். உங்கள் கணினியில் ஒரு வரிசையும் நண்பர் கணினியில் வேறு வரிசையும் வந்தால் பயப்படவேண்டாம், காரணம் இதுவாக இருக்கலாம்.

திரையில் வந்த விடையைக் கோப்பாக்க > குறி. மேலே உள்ள தொடரின் கடைசியில் > முடிவு/சொற்கள் என்று சேர்த்தால் போதும். ஏற்கெனவே அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் கேட்காமல் அழித்துவிட்டு எழுதும், கடைசியில் சேர்க்கவேண்டுமென்றால் >> என்று இரண்டு போடவேண்டும். இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது:

சார்ட் குறள் > குறள்

வரிசைப்படுத்தி அதே கோப்பில் வை என்று நமக்குப் படுகிறது. நடப்பது வேறு. கட்டளையை ஓட்டுவதற்கு முன்பே ஷெல் > குறியைப் பார்த்து குறள் கோப்பைத் திறந்து காலிசெய்துவிடுகிறது, அதற்குப் பிறகுதான் சார்ட் படிக்கவே வருகிறது. படிப்பதற்கு ஒன்றும் இருக்காது, 2660 வரியும் போய்விடும். மூலத்தை 444 போட்டுப் பூட்டச் சொன்னது இந்த நாளுக்காகத்தான். ஷெல் என்பது என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன்: நீங்கள் தட்டும் வரியை முதலில் படிப்பது சார்ட்டோ கிரெப்போ அல்ல, நடுவில் இருக்கும் ஷெல் என்ற நிரல். |, <, >, * எல்லாம் அதன் குறிகள். டிஎன்ஏ வரிசைகளை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. ஃபாஸ்டா கோப்பில் ஒவ்வொரு வரிசையின் தலைப்பும் > என்றே தொடங்கும், எத்தனை தலைப்பு என்று எண்ண மேற்கோள்குறி இல்லாமல் கிரெப் -சி > கோப்பு என்று போட்டால், ஷெல் அதைத் தேடவேண்டிய குறியாகப் பார்க்காது, கோப்பைக் காலிசெய்துவிடும். '>' என்று மேற்கோளுக்குள் வைத்தால் ஷெல் தொடாமல் கிரெப்பிடம் விட்டுவிடும்.

இவ்வளவும் ஓடி முடிந்ததும் ஹிஸ்டரி என்று தட்டுங்கள், இதுவரை தட்டியதெல்லாம் வரிசையாக வரும், சொதப்பியதும் சேர்த்து. அதில் வேலைக்கு ஆன வரிகளை மட்டும் எடுத்து ஓர் எளிய உரைக்கோப்பில், செய்த வரிசைப்படி, வையுங்கள். # போட்டுத் தொடங்கும் வரிகளை ஷெல் படிக்காது, ஆகவே ஒவ்வொரு படிக்கும் மேலே ஏன் செய்தீர்கள் என்று தமிழிலேயே எழுதலாம், டபிள்யூசியில் எதிர்பார்த்த எண் என்ன என்றும் எழுதலாம். அந்தக் கோப்பை பாஷ் என்று தட்டி அதன் பெயரைக் கொடுத்து ஓட்டினால் மூலத்திலிருந்து முடிவு வரை எல்லாம் மறுபடி நடக்கும். வழிகாட்டி "வேறு பதிப்பை வைத்துப் பாருங்களேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார், மூலக்கோப்பை மாற்றிவிட்டு ஒரு வரி தட்டினால் முடிந்தது. அந்தப் பதிப்பில் 2660 வராவிட்டால் அது தனிக்கதை.

சந்தேகம் வந்தால் மேன் கட்டளை, அதோடு தெரிந்துகொள்ள வேண்டிய கட்டளையின் பெயர். படிக்கக் கரடுமுரடாக இருக்கும், ஆனால் உங்கள் கணினியில் இருக்கும் அதே பதிப்பைப் பற்றிச் சொல்லும், வலையில் எவரோ எழுதியதைவிட அது மேல்.

தரவு பெரிதாகிவிட்டால் உங்கள் மடிக்கணினி போதாது, நிறுவனத்தின் பெரிய கணினிக்குப் போகவேண்டியிருக்கும். அங்கே மவுஸுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் அத்தனையும் லினக்ஸ்தான். எஸ்எஸ்எச் என்ற கட்டளையில் உங்கள் பெயரும் அந்தக் கணினியின் முகவரியும் கொடுத்து உள்ளே போனால் அதே $ குறி நிற்கும், அதே எல்எஸ், அதே கிரெப். நீளமாக ஓடும் வேலை என்றால் போனவுடன் டீமக்ஸ் என்று தட்டி அதற்குள்ளிருந்து ஓட்டுங்கள். இல்லாவிட்டால் நடுவில் இணையம் அறுந்தால் வேலையும் சேர்ந்து நின்றுவிடும். டீமக்ஸுக்குள் இருந்தால் மறுபடி உள்ளே போய் டீமக்ஸ் அட்டாச் என்று தட்டும்போது வேலை ஓடிக்கொண்டிருக்கும். பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினி என்றால் பெரிய வேலையை நுழைவுக் கணினியிலேயே நேராக ஓட்டாமல் அங்குள்ள வரிசையில் சேர்க்கவேண்டும், அதற்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு நடைமுறை எழுதி வைத்திருப்பார்கள், கணக்கு வாங்கியதும் முதலில் அதைப் படித்துவிடுங்கள்.